விட வேண்டிய முதல் மழை

தங்கம் டெல்லிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. செங்கோட்டையை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள், இறங்கிப் பார்த்ததில்லை. ஆனால் தண்ணீர் டேங்கர் எந்த மூலையில் திரும்பும்போது வேகம் குறையும், எந்தப் பக்கம் குழாயை நீட்டுவார்கள், எந்த டிரைவர் பாதியில் மூடிக்கொண்டு கிளம்புவான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். இந்த நகரம் அவளுக்குக் கற்றுக்கொடுத்த படிப்பு அது ஒன்றுதான்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் அவள் பிறந்த ஊரில் கிணறு இருந்தது. கிணறு நிறையத் தண்ணீரும் இருந்தது. அவள் தெருவின் வாளி மட்டும் அதில் இறங்கக் கூடாது. மேலே நிற்கிறவர்களுக்கு மனசு வந்து ஊற்றினால் கீழே நின்று குடத்தை ஏந்திக்கொள்ளலாம். அதனால் ஊரை நினைத்து உருகுகிற வழக்கம் அவளிடம் இல்லை. வேலை செய்கிற வீட்டில் யாராவது, "ஊருக்குப் போகணும்னு ஆசையா இல்லையா தங்கம்?" என்று கேட்டால், "குடத்தை ஏந்திக்கிட்டு நிக்கறதுக்காம்மா? அத இங்கயே நின்னுக்கறேன்" என்பாள்.

தர்மனைக் கட்டிக்கொண்டு அவள் வந்து இறங்கியது ஜங்புராவில், பாராபுல்லா நாலா என்ற பெரிய சாக்கடையின் கரையில் இருந்த மதராசி கேம்ப் குடிசைகளில். தர்மனுக்குக் காண்டிராக்டில் தெருக்கூட்டும் வேலை. அவளுக்கு நாலு எட்டு நடந்தால் வீட்டுவேலை. அங்கே காலை முழுக்கக் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பாள். கையில் வழிந்து ஓடுகிற தண்ணீர் அந்த வீட்டுக்காரர்களுடையது. மத்தியானம் கேம்ப்புக்குத் திரும்பி, தன் வீட்டுக்கு ஒரு குடத்துக்காக வரிசையில் நிற்பாள். ஒரே ஊர், ஒரே ஆறு, ஒரே குழாய் இலாகா. இதில் தலையெழுத்து எங்கே வந்தது? யாரோ மேஜையில் உட்கார்ந்து வரைந்த குழாய் எந்தத் தெருவில் நின்றதோ, அங்கே சிலரது தொண்டையும் வறண்டது. அவ்வளவுதான் விஷயம்.

பிறகு கேம்ப்பை இடித்தார்கள். நாலாவைத் தூர்வார வழி வேண்டும் என்றார்கள். சிலருக்கு மாற்று வீடு கிடைத்தது, மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. தங்கத்துக்குக் கிடைத்தது. நகரத்தின் வடகோடியில், வயலும் குப்பைமேடும் சந்திக்கிற இடத்தில், வரிசையாக நிற்கும் அடுக்குமாடிகளில் ஒன்றில் ஓர் அறையும் சமையல் மேடையும். சுவரில் பளபளவென்று குழாய் இருந்தது. திறந்தால் காற்று வந்தது.

டேங்கர் முற்பகலில் வரும். அந்த நேரத்தில் தங்கம் ஜங்புராவில் பாத்திரத்துக்கு முன்னால் இருப்பாள். தர்மன் தெருவில் துடைப்பத்தோடு இருப்பான். மகள் கல்யாணமாகி ஃபரிதாபாத்தில். வீட்டில் குடம் பிடிக்க ஆளில்லை. பஸ்ஸும் மெட்ரோவும் மாறி மாறி, இருட்டுகிற வேளைக்கு அவள் வந்து சேரும்போது தரை காய்ந்திருக்கும். பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் ஒரு வாளி எடுத்து வைத்திருப்பாள். கேம்ப்பிலும் அவர்களுக்கு நடுவில் ஒரு தகரச் சுவர்தான் இருந்தது. குஞ்சம்மாளுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் மடங்காது. தானே முட்டி மோதிப் பிடித்த தண்ணீரில் பாதியை அடுத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, "குளிக்காதடி, மூஞ்ச மட்டும் கழுவு" என்று உத்தரவும் போடுவாள்.

அந்த வருஷக் குளிர்காலத்தில்தான் ஸ்வப்னா வந்தாள். ஜனக்புரியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், கட்டடக்கலை படித்தவள். அப்பா வங்கி அதிகாரி. தமிழ் பேசுவாள், கூடவே இந்தியும் ஆங்கிலமும் ஓடி வரும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே காலி இடத்தில் அவளுடைய குழு ஒரு கூடம் கட்டியது. சுவர் இல்லை, நாலு பக்கமும் காற்று. கூரை மட்டும் தலைகீழாக விரித்த குடை மாதிரி, நடுவில் குழிந்து இருந்தது. கூரையில் விழுகிற மழையெல்லாம் அந்தக் குழிக்கு வந்து, நடுக்குழாய் வழியாக இறங்கி, கருங்கல், மணல், அடுப்புக்கரி என்று மூன்று அடுக்கைத் தாண்டி, தரைக்கடியில் உள்ள தொட்டியில் சேரும். மேலே ஒரு கைபம்பு. வெயிலுக்கு நிழல், மழைக்குத் தொட்டி. மின்சாரம் வேண்டாம், டேங்கர் டிரைவரின் தயவும் வேண்டாம்.

தங்கம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவளுக்குக் கூரையின் அழகு தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது: இது ஓடிப்போகாத தண்ணீர். அவள் எந்நேரத்துக்கு வந்தாலும் நிற்கும்.

நடுக்குழாயின் அடியில் ஒரு கிளைக்குழாய் இருந்தது. அதில் ஒரு வால்வு, வால்வுக்கு ஒரு பூட்டு. ஸ்வப்னா எல்லாரையும் கூட்டிவைத்து விளக்கினாள்.

"ஆன்ட்டி, ஃபர்ஸ்ட் வர்ற மழை இருக்கில்ல, அத உள்ள விடக் கூடாது. இத ஓபன் பண்ணிட்டா அது நேரா நாலிக்குப் போயிடும். ரூஃப் க்ளீன் ஆனதும் க்ளோஸ். அப்புறம் வர்றதுதான் நம்ம தண்ணி. அச்சா?"

"மழை என்னாம்மா அழுக்கு?" என்று குஞ்சம்மாள் கேட்டாள்.

"மழை இல்ல ஆன்ட்டி, கூரை அழுக்கு. சம்மர் ஃபுல்லா தூசி, புறா எச்சம், அந்தக் குப்பை எரியற கரி, எல்லாம் அதுல இருக்கும்."

"இவ்ளோ பாடுபட்டுக் கட்டிட்டு, வர்ற தண்ணிய சாக்கடைக்கு வுடணுமா?"

தர்மன் சிரித்தான். "பெரிய எடத்து மழை போலிருக்குக்கா. குளிச்சிட்டுத்தான் வூட்டுக்குள்ள வருமாம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்வப்னா சாவியைத் தங்கத்திடம் கொடுத்து, அவள் வால்வில் கைவைத்து நிற்கிற மாதிரி படமும் எடுத்துக்கொண்டாள். இந்தியும் தமிழும் தெரிந்தவள், நிதானக்காரி என்று அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பகலில் ஊரிலேயே இல்லாதவளிடம் மழையின் சாவியைக் கொடுக்கிறோமே என்று யாருக்கும் தோன்றவில்லை. தங்கத்துக்குத் தோன்றியது, ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தொட்டியும் கைவிட்டுப் போய்விடும் என்று பயந்தாள். அந்தக் கிளைக்குழாய்க்கு விடுகுழாய் என்று பெயர் வைத்தவளும் அவள்தான். வேலைக்குக் கிளம்பும்போது சாவியைக் குஞ்சம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போவாள்.

கோடை வழக்கம்போல எரித்தது. மழை வந்தது ஒரு மத்தியான வேளையில். தங்கம் ஜங்புராவில் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் சாய்ந்து நிமிர்ந்தது. சோப்புக் கையோடு போனை எடுத்தாள்.

"அக்கா, அங்க மழையா?"

"கொட்டுதுடி! பேயுதுடி!"

"விடுகுழாயத் தெறந்தியா?"

போனில் மழையின் சத்தமும், குடங்களின் சத்தமும், பெண்கள் கூச்சலும் கேட்டன. குஞ்சம்மாள் கொஞ்சம் தயங்கினாள்.

"ம். தெறந்தாச்சு, தெறந்தாச்சு. வை போன."

தங்கம் அன்று இருட்டுகிற வேளைக்கு வந்து சேர்ந்தபோது கூடத்தில் கல்யாண வீடு மாதிரி கூட்டம். பம்பை ஆளாளுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வாயைத் திறந்து குழாய்க்கடியில் நின்றன. தங்கம் குடத்தை வைக்கப் போகும்போது விடுகுழாயின் வாய் கண்ணில் பட்டது. அதன் விளிம்பில் கோடைத் தூசி அப்படியே இருந்தது. ஒரு சொட்டுக்கூட அதன் வழியே போயிருக்கவில்லை.

அவள் பார்த்தாள். பார்த்ததைப் புரிந்தும் கொண்டாள். ஆனால் நின்றபடியே இரண்டு வண்டி மாறி வந்த உடம்பு. கழுத்தெல்லாம் வியர்வை உப்பு. தண்ணீர் லேசாகத் தேநீர் நிறத்தில் இருந்தது. வடிகட்டித்தானே வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவளும் ஒரு சொம்பு குடித்தாள். அந்தக் கோடையிலேயே முதல் தடவையாகத் தலைக்குக் குளித்தாள்.

மூன்றாம் நாளே பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. பிறகு பெரியவர்களுக்கு. குஞ்சம்மாள் எழுந்து நடக்க முடியாமல் கிடந்தாள். யாரும் சாகவில்லை; ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாக் கட்டடத்து ஆட்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓர் அதிகாரி வந்தார். காற்று வரும் குழாயைப் பார்க்க அவர் ஒரு நாளும் வந்ததில்லை. தண்ணீர் வரும் தொட்டியை மூட மட்டும் உடனே வந்துவிட்டார். பம்பின் கைப்பிடியிலும் வால்வின் மேலும் காகிதத்தை ஒட்டி, முத்திரை குத்திவிட்டுப் போனார். தொட்டியைக் காலி செய்து கழுவ வேண்டும். சோதனை முடிவு வந்த பிறகுதான் திறக்கலாம்.

தொட்டி மூடிய அன்றே பேச்சு கிளம்பியது. எதிர்க் கட்டடத்தில் வேறொரு குடிசைப் பகுதியிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். அங்கே ஒருத்தி இந்தியில் சத்தமாகவே சொன்னாள்: துடைப்பம் பிடிக்கிற ஜாடுக்காரன் பெண்டாட்டி கையில் குடிதண்ணீரைக் கொடுத்தால் வேறென்ன ஆகும்? கேம்ப்பிலிருந்து வந்த தமிழர்களிலும் இரண்டு பேர் அதையே தமிழில் சொன்னார்கள். மெதுவாகச் சொன்னார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். புறா எச்சத்தில் இருக்கும் கிருமி யார் கை வால்வைத் தொட்டது என்று விசாரித்துவிட்டா வயிற்றுக்குள் போகிறது? கள்ளக்குறிச்சிக் கிணற்றடியில் கேட்ட அதே பேச்சு, ரயிலேறி அவளுக்கு முன்னாலேயே வந்து இங்கே உட்கார்ந்திருந்தது. தங்கத்துக்குக் கோபம்கூட வரவில்லை. ஆயிரம் தடவை தேய்த்த பாத்திரம் மறுபடியும் கரியோடு முன்னால் வந்து விழுந்த மாதிரிதான் இருந்தது.

இன்னொருவர், ஆடி வரப்போகிறது, அம்மனுக்குக் கூழ் ஊற்றாமல் தொட்டி திறந்ததுதான் குற்றம் என்றார்.

"கூழ் காய்ச்சவே தண்ணி இல்லியேண்ணே," என்றான் தர்மன். "காத்துலயா காய்ச்சறது?"

வீட்டுக்குள் வந்ததும் அவன் சிரிப்பை விட்டுவிட்டான். "ஏன் தங்கம், குஞ்சம்மாக்கா தெறக்கலன்னு உனக்குத் தெரியும்ல? சொல்லிடேன். உம் பேரு நாறுது."

"சொன்னா? கிழவிய மேல வுழுந்து பிடுங்குவாங்க. எனக்கு ஒரு வாளி எடுத்து வெக்க வேற யாரு இருக்கா?"

"அப்ப நீயே வாங்கிக் கட்டிக்கோ."

"வாங்காததா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஸ்வப்னா வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். எதிர்க் கட்டடத்துக்காரி ஆரம்பித்தாள். சாவியை மாற்ற வேண்டும், நல்ல மனுஷர்கள் கையில் கொடுக்க வேண்டும். தங்கம் தரையைப் பார்த்தபடி நின்றாள். அவள் மனசில் ஓடியது ஒன்றே ஒன்று: பெயர் போனால் போகட்டும், தொட்டி போய்விடக் கூடாது.

குஞ்சம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சாவி எங்கிட்டதான் இருந்துது. நாந்தான் தெறக்கல."

குஞ்சம்மாள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"தெறக்கத்தான் போனேன். பூட்டக்கூடக் கழட்டிட்டேன். மழை எறங்குது... அப்டியே குழாய்க்குள்ள கடகடன்னு சத்தம். எப்டிம்மா வுடுவேன்? ஒரு கொடத்துக்கு மண்டைய ஒடச்சுக்கிட்டவ நானு. லாரிக்குப் பின்னால ஓடி முட்டிய ஒடச்சுக்கிட்டவ. அந்தக் கையால சாக்கடைக்குத் தெறந்து வுடச் சொன்னா கை வருமா?" அவள் எதிர்க் கட்டடத்துக்காரி பக்கம் திரும்பி இந்திக்கு மாறினாள். "தூ பீ தோ தீ வஹான். நீயும்தான அங்க இருந்த. 'மத் கோல்னா, மத் கோல்னா'ன்னு கத்துனது யாரு? பெரிய டப்பாவத் தூக்கிக்கிட்டு மொதல்ல வந்தது யாரு?"

அன்றைக்குக் குடத்தோடு நின்றது எதிர்க் கட்டடத்துக்காரி மட்டுமல்ல. திறக்காதே என்று எல்லாருமேதான் கத்தியிருந்தார்கள்.

ஸ்வப்னா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். "இதுக்கு ஆளே வேண்டாம் ஆன்ட்டி," என்றாள் மெதுவாக. "ஒரு பைப்பு, உள்ள ஒரு ப்ளாஸ்டிக் பந்து. ஃபர்ஸ்ட் வர்ற தண்ணி அதுல போய் நிரம்பும். நிரம்பினா பந்து மேல வந்து மூடிக்கும். அப்புறம் வர்றது டேங்குக்குப் போயிடும். ஆட்டோமேட்டிக்."

"அப்ப அத ஏம்மா மொதல்லயே வெக்கல?" என்று தர்மன் கேட்டான்.

"வால்வு இருந்தா... நீங்க எல்லாரும் சேர்ந்து பாத்துக்கற மாதிரி இருக்கும்னு. கம்யூனிட்டி பார்ட்டிசிபேஷன்னு சொல்வோம். நல்லா இருக்கும்னு நெனச்சோம்."

"நல்லாத்தான் இருந்துச்சு போட்டோல," என்றான் தர்மன். அவன் அதைக் குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. ஸ்வப்னா தலையை ஆட்டினாள். தாகத்தோடு இருக்கிறவளிடம் தண்ணீரைக் கொட்டிவிடும் வேலையைக் கொடுத்துவிட்டு, அவள் தவறினால் அவளைக் குற்றம் சொல்லும்படி ஒரு கட்டடத்தைக் கட்டியிருந்தோம் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. பந்தும் குழாயும் அடுத்த வாரமே வாங்கி வந்தாள். ஆனால் முத்திரை இருக்கும்வரை எதையும் மாட்ட முடியாது.

தொட்டியைக் காலி செய்ய அதிகாரியின் ஆள் வார நாளில்தான் வருவானாம். சாவிக்காரி கூட இருக்க வேண்டுமாம். தங்கம் ஜங்புரா வீட்டில் லீவு கேட்டாள்.

"போன வாரம்தானே வயித்துவலின்னு லீவு போட்ட?" என்றாள் வீட்டுக்கார அம்மா. கத்துகிறவள் அல்ல. "எனக்கும் ஆபீஸ் இருக்குல்ல தங்கம்? இன்னொரு தடவ இப்படின்னா நான் வேற ஆள் பாத்துப்பேன். தப்பா நெனச்சுக்காத."

மறுநாள் தங்கம் தன் கையாலேயே தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டாள். தொட்டித் தண்ணீர் முழுவதும் சாக்கடையில் போயிற்று. வெகுநேரம் போயிற்று. குஞ்சம்மாள் வெளியே வரவில்லை, கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு தங்கமும் தர்மனும் உள்ளே இறங்கி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். மணலையும் கரியையும் ஸ்வப்னா மாற்றிக் கொடுத்தாள். அதிகாரியின் ஆள் மறுபடியும் காகிதம் ஒட்டிவிட்டு, சோதனை முடிவு வரும் என்றான். முடிவு வரவில்லை. போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. தங்கம் மறுபடியும் இருட்டில் வந்து, குஞ்சம்மாள் வைத்திருந்த வாளியில் முகம் கழுவினாள்.

சில நாள் கழித்து, விடிந்தும் விடியாத வேளையில், தங்கம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். தர்மன் முன்னமே போய்விட்டான். வடக்கே வானம் ஈயச் சட்டி மாதிரி கறுத்திருந்தது. கூடத்தைத் தாண்டும்போது முதல் துளி விழுந்தது. பிறகு மொத்தமாக இறங்கியது.

கூரையின் குழியில் தண்ணீர் சேரும் சத்தம் கேட்டது. முத்திரைக் காகிதம் சாரலில் நனைந்து, ஓரம் சுருண்டு, மெதுவாகக் கழன்றது. மைதாப் பசை. மழைத்தொட்டிக்கு, மழைக்காலத்தில், மழையில் கரைகிற முத்திரை!

சாலையில் பஸ் விளக்கு தெரிந்தது. குஞ்சம்மாள் முக்காட்டோடு, ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள்.

"சாவியக் குடுடி. நான் பாத்துக்கறேன். நீ வண்டியப் புடி."

தங்கம் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் முத்திரை கழன்ற தொட்டியின் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று நாளைக்குக் கேட்பார்கள். இந்தக் கிழவி தனியாக நிற்க வேண்டியிருக்கும். கேட்கவே யாரும் வராமலும் போகலாம். ஆனால் சோதனை முடிவுக்குக் காத்திருந்தால் இந்த மழையும் போய்விடும். பஸ் நின்றது. கதவு திறந்து மூடியது. போய்விட்டது.

"ஏண்டி நிக்கற?"

"தெற, அக்கா."

குஞ்சம்மாள் சாவியை வாங்கிப் பூட்டைக் கழற்றி, வால்வைத் திருப்பினாள். விடுகுழாயில் மை மாதிரி ஒன்று கொட்டியது. போன மழைக்குப் பிறகு கூரையில் மறுபடியும் படிந்த கரி, இறகு, எச்சம், எல்லாம் இறங்கின. அவள் சட்டென்று வாளியை அதன் அடியில் வைத்தாள்.

"என்னாக்கா பண்ற?"

"கக்கூசுக்கு ஊத்தறதுக்கு ஆகும்ல? குடிக்கலடி, பயப்படாத. வுடச் சொன்ன, வுட்டேன். வாளிக்குள்ள வுட்டேன்." வாளி நிறைந்ததும் எதிர்க் கட்டடத்துக்காரி வந்து தன் டப்பாவை வைத்தாள். பிறகு இன்னொருத்தி. தண்ணீர் கறுப்பிலிருந்து பழுப்புக்கு மாறி, பிறகு கண்ணாடியாகி விழுந்தது. "போதும்," என்றாள் தங்கம். குஞ்சம்மாள் வால்வை மூடினாள். தரைக்கடியில் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் ஆழத்திலிருந்து வந்தது.

வேலைக்குப் போய்ச் சேர வேண்டிய நேரம் தாண்டியதும் போன் அடித்தது. ஜங்புரா.

"ஆமாம்மா... இல்லம்மா, மழை... இல்ல, வர முடியல." கேட்டுக்கொண்டே இருந்தாள். "சரிம்மா. சரி."

"என்னா சொன்னாங்க?"

"வேற ஆள் வெச்சுக்கறாங்களாம்."

குஞ்சம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "போனாப் போறா. இனிமே மழை வந்தா நான் கரெக்டா தெறப்பேன்டி. நீ நிம்மதியா வேலைக்குப் போ."

"எந்த வேலைக்கு?" என்றாள் தங்கம்.

கீழே கிடந்த முத்திரைக் காகிதத்தைப் பொறுக்கி, கிழியாமல் நீவி, தூணின் அடியில் ஒரு கல்லை வைத்து உலரப் போட்டாள். யாராவது வந்து கேட்டால் கொடுக்க வேண்டுமே. பிறகு பையை மடியில் வைத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். தொட்டி நிறைய இன்னும் நேரம் இருந்தது. அவள் கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன.